கைதட்டலுக்குக் கதிர் முற்றாது

விஞ்ஞான ஆராய்ச்சியில் சமுதாயமும் அரசியலும் தலையிடலாமா, கூடாதா? தோழர்கள் கூடிப் பேசும் இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. மக்கள் கொடுக்கும் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்களுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டாமா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அரசியல்வாதிக்கு என்ன வேலை, விஞ்ஞானியை அவன் போக்கில் விடுங்கள் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை உதறினால் ஆபத்தும் உண்டு. வெறும் வாதத்தால் இது தீராது. ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துச் சொன்னால் விளங்கும் என்று கருதுகிறோம்.

அவர் பெயர் நிக்கொலாய் இவானோவிச் வாவிலோவ். பசியில்லாத உலகம் காண, விதை தேடி ஐந்து கண்டங்களில் அலைந்தவர். 1943 ஜனவரி 26ஆம் நாள் சிறைச்சாலையில், போதிய உணவின்றி நலிந்து நோயுற்று மாண்டவர். அவரைச் சிறையில் அடைத்தது யார்? ஜார் மன்னனல்ல. படையெடுத்து வந்த அந்நியனுமல்ல. உழவர் பெயராலும் உழைப்பாளர் பெயராலும் ஆண்ட அவருடைய சொந்த நாட்டு அரசாங்கம்! எதிரி செய்த கொடுமையைப் பேசுவது எளிது. உழைப்பாளர் பெயரால் நடந்த கொடுமையை உழைப்பாளரே எடுத்துப் பேசுவதுதான் கடினம். ஆனால் பாடம் அங்கேதான் இருக்கிறது.

பஞ்சம் கேட்ட கேள்வி

வாவிலோவ் 1887 நவம்பர் 25இல் மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தந்தை குடியானவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் நகரத்துக்கு வந்து, கடைச் சிப்பந்தியாக இருந்து, துணி வியாபாரத்தில் படிப்படியாக உயர்ந்தவர். மகனுக்கோ வியாபாரத்தில் நாட்டமில்லை. அவர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1891–92இல், ருஷ்யாவின் கிராமங்களைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. மழை பொய்த்தால் மாள்வது, பயிரில் நோய் விழுந்தால் பட்டினி கிடப்பது — இதுவே தலைமுறை தலைமுறையாக அந்நாட்டு உழவனின் தலைவிதி என்று இருந்தது. தலைவிதி என்று ஒன்றில்லை, விதையை மாற்றினால் விளைவு மாறும் என்று நம்பியவர்களில் ஒருவராக வாவிலோவ் மாஸ்கோ விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார்.

1913இல் இங்கிலாந்துக்குச் சென்று பேட்சன் என்ற அறிஞரிடம் பயின்றார். மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்துக் கண்டுபிடித்த மரபு விதியை உலகமெங்கும் பரப்பியவர் பேட்சன். அந்த விதி சொல்வது இதுதான்: பெற்றோரின் குணங்கள் பாலில் தண்ணீர் போலக் கலந்து நீர்த்துப்போவதில்லை. தனித்தனிக் கூறுகளாகப் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குகின்றன. ஆகவே, மலையில் யாரும் சீந்தாமல் கிடக்கும் காட்டுப் புல்லுக்குத் துரு நோயைத் தாங்கும் சக்தி இருந்தால், அந்த ஒரு குணத்தை நல்ல கோதுமைக்குக் கொண்டுவர வழியுண்டு. ஏழையின் வயலுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை இது!

1916இல் பாரசீகத்தில் இருந்த ருஷ்யப் படைவீரர்கள் ரொட்டி தின்று மயங்கி விழுந்தார்கள். காரணம் என்ன என்று கண்டறிய வாவிலோவை அனுப்பியது அரசாங்கம். கோதுமையோடு கலந்திருந்த நச்சுக் களை விதையும், பூஞ்சையுமே காரணம் என்று அவர் கண்டார். இங்கே கேள்வி கேட்டது ராணுவம். விடை சொன்னது வயல். இந்த வேறுபாட்டைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

அரசாங்கம் செய்த நன்மை

புரட்சி நடந்த 1917ஆம் ஆண்டிலேயே, வால்கா நதிக்கரையிலுள்ள சரத்தோவ் நகரில் அவர் பேராசிரியரானார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. உண்ண உணவில்லை, எரிக்க விறகில்லை. அந்த நிலையிலும் 1920இல் அதே நகரில் கூடிய மாநாட்டில் ஒரு புதிய விதியை எடுத்துவைத்தார். உறவுள்ள பயிர்களில் ஒரே வரிசையான மாறுதல்கள் தோன்றும், ஒன்றில் கண்டதை மற்றொன்றிலும் தேடினால் கிடைக்கும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே பெத்ரோகிராட் நகரத்துக்குச் சென்று, பின்னாளில் அனைத்து யூனியன் பயிர்வள நிலையம் என்று வளர்ந்த அமைப்பின் தலைமையை ஏற்றார்.

1921–22இல் வால்காப் பகுதியில் மறுபடியும் பஞ்சம். கருவூலம் காலி. அந்தச் சமயத்தில்கூடப் புதிய சோவியத் அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. விதை திரட்டி வர வாவிலோவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. நாடெங்கும் சோதனைப் பண்ணைகள் அமைத்துக் கொடுத்தது. 1926இல் லெனின் பரிசு வழங்கியது. 1929இல் லெனின் பெயரால் அமைந்த விவசாய விஞ்ஞான அகாதமிக்கு அவரை முதல் தலைவராக்கியது. கட்சி உறுப்பினரல்லாத ஒருவருக்கு இவ்வளவும் கிடைத்தது. இதுவும் அரசியல் தலையீடுதான். பஞ்சத்தை ஒழிக்க வழி தேடு என்று சமுதாயம் ஆணையிட்டது, அதற்கு வேண்டிய வசதியும் செய்து கொடுத்தது. இந்தத் தலையீடு இல்லையென்றால் வாவிலோவின் பெயரை உலகம் அறிந்திருக்காது. ஆய்வுக்கூடத்துக்கும் நாட்டுக்கும் உறவே கூடாது என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. 1924இல் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் குதிரை மீதேறி அலைந்தார். 1926–27இல் மத்தியதரைக் கடல் நாடுகள், சிரியா, பாலஸ்தீனம், அபிசீனியா. 1929இல் மேற்குச் சீனம், ஜப்பான், கொரியா. 1930இலும் 1932–33இலும் மெக்சிகோவும் தென்னமெரிக்காவும். போன இடமெல்லாம் சந்தையில் நின்றார், உழவனிடம் பேசினார், கைப்பிடி தானியம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பயிரின் வகைகள் எங்கே அதிகமாகக் குவிந்திருக்கின்றனவோ, அங்கேதான் அந்தப் பயிர் பிறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. உலகத்துப் பயிர்களின் பிறப்பிடங்களை அந்த முறையில் வகுத்துக் காட்டினார். அவர் வகுத்தவற்றில் இந்தியாவும் ஒன்று. நெல்லும் கரும்பும் கத்தரியும் மாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைக் காடுகள் என்று அவர் சொன்னதை, பின்னாளில் வந்த மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது.

இப்படிச் சேர்த்த விதைகள் 1940க்குள் இரண்டு லட்சம் மாதிரிகளைத் தாண்டின. உலகில் அதுவரை எந்த நாடும் அப்படி ஒரு விதைக் களஞ்சியத்தைக் கண்டதில்லை.

அவசரக்காரரின் வாக்குறுதி

ஒரு புதிய கோதுமை ரகத்தை உண்டாக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? இரண்டு செடிகளைக் கலக்க வேண்டும். அதன் பிள்ளைகளில் நல்லதைப் பொறுக்கி மறுபடி விதைக்க வேண்டும். குணம் நிலைக்கும்வரை பல தலைமுறை இப்படியே நடக்க வேண்டும். பிறகு பல ஊர் மண்ணில் போட்டுச் சோதிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆனால் 1931இல் அரசாங்கம், நான்கைந்து ஆண்டுகளில் புதிய ரகங்கள் வேண்டும் என்று கட்டளையிட்டது. நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக்கிய வேகத்தில் விவசாயம் நிலைகுலைந்திருந்த நேரம். 1932–33இல் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம் வந்தது. ஆள்வோருக்கு அவசரம். அவசரக்காரனுக்குப் பொறுமை சொல்லும் நண்பனைவிட, உடனே முடித்துத் தருகிறேன் என்பவனைத்தான் பிடிக்கும்.

அப்படிச் சொல்ல ஒருவர் முன்வந்தார். அவர் திரொபீம் லைசென்கோ. 1898இல் உக்ரேனிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். குளிர்காலக் கோதுமையின் விதையை நனைத்துக் குளிரில் வைத்து, வசந்தத்தில் விதைத்தால் அந்த ஆண்டே கதிர் விடும் என்று அவர் காட்டினார். அது உண்மை. அந்த அளவில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் அதனால் மகசூல் எங்கும் பெருகிவிடும் என்றார். செடியை இப்படிப் பழக்கினால் அந்தப் பழக்கம் பிள்ளைச் செடிக்கும் இறங்கும், மரபுக் கூறு என்பதே கட்டுக்கதை என்றும் சொன்னார். இரண்டரை ஆண்டில் புதிய ரகம் தருவதாக வாக்களித்தார். ஆதாரம்? கூட்டுப்பண்ணைகளுக்கு அனுப்பி நிரப்பி வாங்கிய தாள்கள்! பக்கத்திலேயே சாதாரண விதையைப் போட்டு முறையாக ஒப்பிட்டுப் பார்த்த கணக்கல்ல. வேறு அறிஞர்கள் பல இடங்களில் பல ஆண்டு முறையாகச் சோதித்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான ஆதாயம் எதுவும் தெரியவில்லை. பண்ணை மேலதிகாரி நல்ல செய்தியைத்தான் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தபின், அந்தத் தாளில் விளைச்சல் குறைவு என்று எழுத எவனுக்குத் துணிவு வரும்?

இதில் வேதனை என்னவென்றால், ஆரம்பத்தில் லைசென்கோவைத் தூக்கிவிட்டவர்களில் வாவிலோவும் ஒருவர். உழவர் வீட்டு இளைஞன், உழைப்பாளி, அவனிடம் ஏதோ இருக்கிறது என்று ஆதரித்தார். உக்ரேனிய விஞ்ஞானக் கழகத்துக்கு அவர் பெயரைச் சிபாரிசும் செய்தார். அந்தக் கைகளே பின்னர் அவரைப் பள்ளத்தில் தள்ளின.

பிறப்பும் உண்மையும்

விவாதம் வயலைவிட்டு மேடைக்கு ஏறியது. லைசென்கோ உழவன் மகன், வாவிலோவ் வியாபாரி மகன் என்று பேசினார்கள். ஒருவருடையது பாட்டாளி விஞ்ஞானம், மற்றவருடையது முதலாளி விஞ்ஞானம் என்று முத்திரை குத்தினார்கள். ஆளின் பிறப்பைப் பார்த்து அவன் சொல்லின் மெய்பொய்யைத் தீர்மானிக்கும் பழக்கம் எங்கிருந்தாலும் அது பழைய அநியாயம்தான். புதிய கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா? துரு நோய்க்குத் தெரியுமா, கோதுமையை விதைத்தவனின் தகப்பன் யார் என்று?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் இருந்தது, அதை மறைக்க நாம் விரும்பவில்லை. மரபியலின் பெயரைச் சொல்லித்தான் அமெரிக்காவில், 1907இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கி, ஏழைகளையும் நோயாளிகளையும் பிள்ளை பெறாதபடி ஆக்கும் சட்டங்கள் வந்தன. அதே பெயரைச் சொல்லித்தான் ஹிட்லரின் ஜெர்மனி இனவெறிக்குப் பூச்சுப் பூசியது. ஆகவே மரபியலைக் கண்டு உழைப்பாளர் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சட்டங்களின் கதை என்ன? அங்கும் பணமும் அதிகாரமும் படைத்தவர்கள் தங்களுக்குப் பிடித்த விடையை முன்கூட்டி எழுதிவைத்துக்கொண்டு விஞ்ஞானத்திடம் கையெழுத்துக் கேட்டார்கள். பல விஞ்ஞானிகள் போட்டும் கொடுத்தார்கள். அந்தக் குற்றத்துக்கு மருந்து, அதே குற்றத்தை வேறு வர்க்கத்தின் பெயரால் செய்வதல்ல.

1935இல் கூட்டுப்பண்ணை உழவர் மாநாட்டில் லைசென்கோ பேசினார். தம்மை எதிர்ப்பவர்களைப் பண்ணையார் வர்க்கத்தின் கையாட்கள் போலச் சித்தரித்தார். மேடையிலிருந்த ஸ்டாலின் அவரைப் பாராட்டிக் குரல் கொடுத்தார். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. அன்றைக்கே விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதே ஆண்டு வாவிலோவின் அகாதமித் தலைமை பறிபோயிற்று. 1937இல் மாஸ்கோவில் நடக்கவிருந்த உலக மரபியல் மாநாடு நடக்காமலே போயிற்று. 1938இல் லைசென்கோ அகாதமியின் தலைவரானார். 1939இல் அந்த உலக மாநாடு எடின்பரோ நகரில் கூடியபோது வாவிலோவையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கோ போக அனுமதியில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. தம் கொள்கையை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். அவர் சொல்லவில்லை.

களஞ்சியமும் சிறையும்

1940 ஆகஸ்டு 6ஆம் நாள் மேற்கு உக்ரேனில் பயிர் சேகரித்துக்கொண்டிருந்தபோது, அவசரமாக மாஸ்கோவுக்கு அழைக்கப்படுவதாகச் சொல்லி அவரைக் காரில் ஏற்றிச் சென்றார்கள். அவர் விட்டுப்போன பையை நண்பர்கள் திறந்தபோது, அன்று அவர் கண்டெடுத்த அரிய பழங்காலக் கோதுமையின் கதிர்கள் இருந்தன. ஒற்றர் வேலை, விவசாயத்தைக் கெடுக்கச் சதி என்று குற்றச்சாட்டுகள். பல மாத விசாரணை. 1941 ஜூலை 9இல் சில நிமிடங்களில் வழக்கு முடிந்து மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவருடைய தோழர் கார்ப்பெச்சென்கோ 1941இலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வாவிலோவைக் கொண்டுபோய் வைத்த சிறை எங்கே? அவர் பேராசிரியராக நின்ற அதே சரத்தோவ் நகரத்தில்! 1942இல் லண்டன் ராயல் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சில மாதங்களில் அவர் உயிர் பிரிந்தது.

அதே காலத்தில் லெனின்கிராட் நகரம் ஹிட்லர் படையின் முற்றுகையில் கிடந்தது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாட்கள். லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டார்கள். வாவிலோவின் களஞ்சியத்தில் டன் கணக்கில் தானியம் இருந்தது. அதைக் காத்து நின்ற ஊழியர்கள் ஒரு மணியையும் வாயில் போடவில்லை. நெல் ஆராய்ச்சியாளர் இவானோவ் அரிசி மூட்டைகளின் நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலைப் பிரிவில் ஷூக்கின், ஓட்ஸ் பிரிவில் ரோதினா அம்மையார், இன்னும் பலர். சமுதாயத்துக்கு உழைக்காத தந்தக் கோபுரத்து அறிஞர்கள் என்று யாரைத் தூற்றினார்களோ, அவர்களே நாளைய மக்களுக்காக இன்றைய உயிரைக் கொடுத்தார்கள். மக்கள் விஞ்ஞானம் என்பது இதுவல்லாமல் வேறு எது?

பயிர் கொடுத்த தீர்ப்பு

1948 ஆகஸ்டில் மரபியல் அதிகாரபூர்வமாகத் தடை செய்யப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன, பாடநூல்கள் மாற்றப்பட்டன, ஏராளமானோர் வேலை இழந்தனர். மற்ற நாடுகள் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தால் விளைச்சலைப் பெருக்கிக்கொண்டிருந்த வேளையில், லைசென்கோவின் கூட்டம் அந்த முறையைப் பழித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1955இல் அந்த விதையை அமெரிக்காவிடமே விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. 1963இல் கோதுமையையே வெளிநாடுகளிலிருந்து வாங்க வேண்டிய நிலை வந்தது. விளைச்சல் குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் சுமத்த மாட்டோம். ஆனால் கைதட்டலுக்குக் கதிர் முற்றவில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. 1955இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். 1964இல் குருஷ்சேவ் பதவியிழந்தபின், 1965இல் லைசென்கோவின் அதிகாரம் சரிந்தது. தலைவரை வீழ்த்திய பழி சுமந்த பயிர்வள நிலையம் இன்று அந்தத் தலைவரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இங்கே ஹால்டேனையும் நினைவுகூர வேண்டும். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினர், தொழிலாளர் பத்திரிகையில் விஞ்ஞானம் எழுதியவர், மரபியல் மேதை. 1928இல் வாவிலோவின் அழைப்பில் சோவியத் நாட்டைப் பார்த்தவர். லைசென்கோ விஷயத்தில் கட்சியா விஞ்ஞானமா என்று பல காலம் தத்தளித்து, கடைசியில் கட்சியை விட்டு விலகினார். ஏழைகளை விட்டு விலகவில்லை. 1957இல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே உழைத்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். எந்த நோயை முதலில் ஆராய்வது, எந்தப் பயிருக்குப் பணம் ஒதுக்குவது, கண்டுபிடித்ததை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது — இவற்றைத் தீர்மானிக்கும் உரிமை மக்களுடையது. அதை எந்த அறிஞர் கூட்டத்துக்கும், எந்த முதலாளிக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் சோதனையின் முடிவு என்ன என்பதை மாநாட்டுத் தீர்மானத்தாலும் சொல்ல முடியாது, தலைவரின் புன்னகையாலும் சொல்ல முடியாது. கேள்வி மக்களுடையது. விடை வயலுடையது. இந்த வரப்பை வெட்டிவிட்டால் முதலில் சாவது விஞ்ஞானி, பிறகு பட்டினி கிடப்பது ஏழை. பண்ணையார் வீட்டில் என்றைக்கும் அடுப்பு எரியும்.

தோழர்களே, நமக்குப் பிடித்தவர் நமக்குப் பிடித்ததைச் சொல்லும்போது கை தானாகத் தட்டும். தட்டுவதில் தவறில்லை. தட்டிவிட்டு, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கவும் பழக வேண்டும். கேட்பவனைத் துரோகி என்று சொல்லாமல் காக்கவும் பழக வேண்டும். உண்மையைக் கண்டு அஞ்சுவதற்கு உழைப்பாளிக்கு ஒரு காரணமும் இல்லை. பொய்யால் அவனுக்கு ஒரு நாளும் வயிறு நிறைந்ததில்லை.